சொட்டக்கா மீது நான் கொடுக்காத புகார்

குற்றச்சாட்டு: கடந்த நவம்பர் மூன்றாம் தேதியன்று, இந்தக் கண் மருத்துவமனையின் நிர்வாக அலுவலகம், குழந்தைகள் பிரிவின் சொட்டு மருந்து அறையில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர் ஒருவருக்குக் குறிப்பாணை வழங்கி, மறுநாளே அவரைக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றியது. அறுவைச் சிகிச்சைப் பட்டியலில் இருந்த ஒரு குழந்தையை அனுப்ப மறுத்து, சிகிச்சையை நான்கு மாதம் தாமதப்படுத்தினார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட பழி. குறிப்பாணையின் இரண்டாம் பத்தி, "குழந்தையின் தந்தை அளித்த எழுத்துபூர்வமான புகாரின் பேரில்" என்று தொடங்குகிறது. அந்தத் தந்தை நான். அப்படி ஒரு புகாரை நான் அளிக்கவில்லை. அளித்தேனா என்று என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இதற்கான ஆவணங்கள் நாற்பத்தொன்று, தேதி வரிசைப்படி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த அம்மையார் எப்படிப்பட்டவர் என்பதற்கு என் கோப்பில் ஆவணம் இல்லை. அதனால் அதை நானே எழுதுகிறேன். நிர்வாகம் படிக்கட்டும். வெளியே நீல நாற்காலிகளில் காத்திருக்கும் பெற்றோரும் படிக்கட்டும்.

அவரைக் குழந்தைகள் "சொட்டக்கா" என்று அழைப்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரம் குறைவு, குரல் அதிகம். அந்த அறையில் இரண்டு தாழ்வான பெஞ்சுகள், ஒரு மேசை, மருந்து வைக்கும் சிறிய குளிர்பெட்டி, கறுப்பு அட்டை போட்ட ஒரு பதிவேடு. சுவரில் ஒரு கடிகாரம். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையே ஐந்து நிமிடம் போக வேண்டும். முள் ஐந்தைத் தொடும் முன்பு கையை நீட்டும் பெற்றோரிடம், "என்ன அவசரம்? முதல் சொட்டு இன்னும் உள்ள போய் உட்காரவே இல்ல. அதுக்குள்ள ரெண்டாவது வந்து அதை வெளிய தள்ளணுமா?" என்பார்.

"வலிக்காது" என்று அவர் ஒரு குழந்தையிடமும் சொன்னதில்லை. "எரியும். நான் அஞ்சு எண்ணுற வரைக்கும் எரியும். அப்புறம் போயிடும்" என்பார். பிறகு ஐந்து எண்ணுவார். அவர் எண்ணி முடிக்கும்போது எரிச்சல் உண்மையாகவே போயிருக்கும். என் மகள் ஒருமுறை, "சொட்டக்கா, நீங்க மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மூச்சு விடுறீங்க, அது கணக்குல வராது" என்று வாதாடினாள். "அப்ப நீயே எண்ணு" என்று அந்த வேலையை அவளிடமே கொடுத்துவிட்டார். அன்று முதல் அந்த அறையில் எந்தக் குழந்தைக்குச் சொட்டு விட்டாலும், அருகில் இருந்தால் எண்ணுவது என் மகள்தான். அழுகிற குழந்தைக்கு வேகமாக எண்ணுவாள்.

இந்த வேலையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். குடும்பத்தில் யாருக்காவது கண் போயிருக்கும், அதில் பிறந்த வைராக்கியமாக இருக்கும் என்று நானாக ஊகித்திருந்தேன்.

"ஒண்ணும் இல்ல சார். வேலைக்குச் சேர்ந்தப்ப எந்த வார்டு வேணும்னு கேட்டாங்க. இந்த ரூம்லதான் ஃபேன் நல்லா ஓடுச்சு."

அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். "அவ்ளோ பெரிய பஸ்ஸை ஒடிச்சுத் திருப்புவாரு. கண்ணு சிவந்து ஒரு சொட்டு விடலாம்னு போனா, கட்டிலைச் சுத்தி ஓடுவாரு" என்பார் சொட்டக்கா. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. மாமியாருக்குக் கண்ணில் அழுத்தம். ஆனால் மருமகள் கையால் சொட்டு விட்டுக்கொள்ள மாட்டாராம். பக்கத்து வீட்டுத் தையற்காரி வந்துதான் விட வேண்டும். "ஊருக்கெல்லாம் போடுறேன், என் வீட்டுல என் சொட்டு செல்லாத காசு" என்று சொல்லிவிட்டு, அதற்கும் அவரே முதலில் சிரிப்பார்.

அவருக்குக் கோபம் வரும் என்பதையும் எழுதியாக வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கைபேசி பார்க்கும் தகப்பன்மாரைச் சந்தி சிரிக்க வைத்துவிடுவார். "சார், அந்த ஃபோனை இங்க குடுங்க, அதுக்கும் ரெண்டு சொட்டு விடுறேன். அதையும் கண்ணு சிமிட்டாம பாக்குறீங்களே." இதைப் பற்றி வேறு பெற்றோர் உண்மையாகவே புகார் கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை.

இனி என் மகளின் நோயைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்த வழக்கு விளங்காது.

அவளுக்கு நான்கரை வயதில் வலது முழங்கால் வீங்கியது. மூட்டு டாக்டர்தான் கண்ணையும் காட்டச் சொன்னார். கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை, நீர் வடியவில்லை. வெளியே ஒரு குறையும் தெரியாமல் உள்ளே மட்டும் நீறு பூத்த நெருப்பாய் அழற்சி இருந்தது. கண் டாக்டர் விளக்குக் கருவியில் என்னையே பார்க்கச் சொன்னார். ஜன்னல் வழியே விழும் வெயிலில் தூசு மிதக்குமே, அப்படி அவள் கண்ணுக்குள் துகள்கள் மிதந்தன. அழற்சி அடங்காவிட்டால் கண் வில்லையில் புரை விழும், அழுத்தம் ஏறும், கருவிழியில் சுண்ணாம்பு படியும் என்றார். வாரம் ஒரு ஊசி, தினம் ஆறு வேளை சொட்டு மருந்து. இரண்டே கால் ஆண்டு இப்படிப் போனது. அவளுடைய ஏழாவது வயதுக்குள் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது; அழற்சியால் வலது கண்ணிலும் பார்வை மங்கலாகவே இருந்தது. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் பலகையில் எழுதியது தெரியாமல், பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினாள். ஆசிரியை அதைக் காப்பி என்றார்.

புரையை எடுக்க அறுவை செய்யலாம். ஆனால் இந்த நோயில் ஒரு விதி உண்டு. கண் குறைந்தது மூன்று மாதம் அமைதியாக இருந்த பிறகே கத்தி வைக்க வேண்டும். அழற்சி உள்ள கண்ணில் கை வைத்தால், புண்ணை ஆற்றப் போய்ப் பெரிதாக்கிய கதையாகிவிடும். என் மகளின் கண்ணோ அமைதியாகவே இல்லை. மாதந்தோறும் பார்ப்பார்கள், துகள்கள் இருக்கும்.

அறுவை டாக்டர் வாரம் இருமுறை வெளியிலிருந்து வருகிறவர். நிதானமான பெண்மணி. ஜூன் மாதம் அவர் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். சொட்டு விட்ட நேரம் ஒவ்வொன்றையும் நான் எழுதி வைத்திருந்தேன். ஐயாயிரத்துக்குச் சற்றே குறைந்த பதிவுகள். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

"இவ்ளோ ஒழுங்காப் போட்டும் அடங்கலைன்னா, இந்த மருந்து இவளுக்கு வேலை செய்யலைன்னுதான் அர்த்தம்" என்றார். "இனியும் காத்திருந்தா, அந்தக் கண்ணைப் பயன்படுத்துறதையே மூளை மறந்துடும். ரிஸ்க்தான். ஆனா எடுத்துடலாம்."

அறுவை ஜூன் பன்னிரண்டாம் தேதி என்று முடிவானது. பதினொன்றாம் தேதி காலையில் மகளைச் சேர்த்தோம். சேர்க்கும் நாளன்று வீட்டில் பயன்படுத்தும் மருந்துகளை எடுத்து வரச் சொல்வது வழக்கம். எடுத்துச் சென்றேன்.

என் தொழிலை இங்கே சொல்ல வேண்டும். நான் எடைத் தராசு பழுது பார்ப்பவன். நகைக்கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு, எல்லாம் பார்ப்பேன். பள்ளியில் ஒன்பதாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் கையேடுகளைப் படித்து நானே கற்றது. எங்கள் தொழிலில் முதல் பாடம், எதையும் அசைக்காதே என்பது. மகளின் மருந்துகளுக்காக மரத்தில் ஒரு தாங்கி செய்திருந்தேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அளவெடுத்த குழி. பயணத்துக்கு அதைப் பஞ்சு வைத்த பெட்டியில் இறக்கி, பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் மனைவி கேட்டாள்: "என்னங்க, பொண்ணு கைப்பிடியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு வர்றா. மருந்து மட்டும் மடியில வருதா?"

சொட்டக்கா அந்தத் தாங்கியைப் பார்த்து, "அடேயப்பா" என்றார். என் நெஞ்சு நிமிர்ந்தது. அழற்சிக்கான பாட்டிலை எடுத்தார். கறுப்பு அட்டைப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அட்டைமேல் ஒரு சொட்டு விட்டார். குனிந்து பார்த்தார். தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"சார், இதைக் குலுக்கிட்டுத்தானே போடுவீங்க?"

"குலுக்கறதா? ரெண்டே கால் வருஷத்துல ஒரு தடவைகூட ஆட்டினது கிடையாது சிஸ்டர்" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

அவர் பாட்டிலை மூடி, இருபது முறை பலமாகக் குலுக்கினார். முதல் சொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சொட்டு விட்டார். அது பால் போல வெள்ளையாக விழுந்தது.

"இதுதான் மருந்து" என்றார். முதல் சொட்டைக் காட்டினார். "இத்தனை நாளும் குழந்தை கண்ணுக்குள்ள போனதுல பாதி இதுதான். மருந்து அடியில உறங்கிக்கிட்டு இருந்திருக்கு. மாசம் முடிஞ்சதும் பாட்டிலோட தூக்கிப் போட்டிருக்கீங்க."

என் கோப்பில் இருபத்தேழு பாட்டில்களின் விளக்கத் தாள்கள் இருக்கின்றன. "பயன்படுத்தும் முன் நன்கு குலுக்கவும்" என்று ஒவ்வொன்றிலும் அச்சாகியிருக்கிறது, மூன்றாம் பக்கத்தில். முதல் தாளின் முதல் பக்கத்தில் பக்கவிளைவுகளின் பட்டியல் இருந்தது. புரை, கண் அழுத்தம் என்று தொடங்கியது. அதற்குமேல் படிக்க எனக்குத் துணிவு வரவில்லை. மடித்து, தேதியிட்டு, கோப்பில் வைத்தேன். அடுத்த இருபத்தாறையும் அப்படியே வைத்தேன். பத்திரப்படுத்தினேன்; படிக்கவில்லை. இது என் ஒப்புதல் வாக்குமூலம்.

சொட்டக்கா மகளின் சிகிச்சை விவரங்கள் எழுதும் நோட்டத் தாளை எடுத்தார். சிவப்பு மையில், "வீட்டில் மருந்து குலுக்கப்படவில்லை. மருந்து பலன் தரவில்லை என்று இப்போது கூற இயலாது. டாக்டர் பார்க்கவும்" என்று எழுதினார். அறுவைக்கு முந்தைய சொட்டுகளைத் தொடங்கவில்லை. பணிமேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"பட்டியல் போயாச்சு. நீங்க யாரு நிறுத்துறதுக்கு?"

"நான் நிறுத்தலை. டாக்டர் வந்து பாக்குற வரைக்கும் சொட்டு விட மாட்டேன், அவ்ளோதான்."

"டாக்டர் தியேட்டர்ல இருக்காங்க."

"அப்ப வெளிய வரட்டும். குழந்தை எங்கயும் ஓடிடாது."

பிற்பகல் மூன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார். அட்டைமேல் காய்ந்திருந்த இரண்டு சொட்டுகளைப் பார்த்தார். ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. மற்றது வெள்ளையாய்ப் படிந்திருந்தது. என்னை ஏறிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தேன். பள்ளியில் விடுப்பு வாங்கியாயிற்று, உறவினர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று, மகள் வேறு தைரியமாக இருக்கத் தன்னைத் தயார்ப்படுத்தியிருந்தாள். அவமானம் ஒரு பக்கம். குற்றம் என்னுடையது என்று தெரிந்த மனிதன் முதலில் செய்வதைச் செய்தேன்; வேறு யாருடையதாவது இருக்குமா என்று தேடினேன். ஜூன் பதின்மூன்றாம் தேதி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆவணம் பதினெட்டு. அதில் ஐந்து கேள்விகள். மூன்றாவது: "ஒரு செவிலியர் அறுவையை நிறுத்தி வைப்பதற்கான விதி எது? அதன் நகலை வழங்கவும்." கேள்விதான். புகார் என்ற சொல் அக்கடிதத்தில் எங்கும் இல்லை. ஆனால் அது அன்பான கேள்வி அல்ல என்பதை நான் மறைக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றிலிருந்தே பாட்டிலைக் குலுக்கினோம். எண்ணுகிற பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். ஜூலை ஒன்பதாம் தேதிப் பரிசோதனையில் டாக்டர் விளக்குக் கருவியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "காலியா இருக்கு" என்றார். சொட்டக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் துள்ளவில்லை. "இன்னிக்கு ஒண்ணாம் நாள். மூணு மாசம் எண்ணுங்க" என்றார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அவர் அறைக்குள் நுழையும்போதே, "தராசு சார், குலுக்குனீங்களா?" என்பார். நீல நாற்காலியில் இருக்கும் அத்தனை பேரும் திரும்புவார்கள். என் மகள் எனக்காகப் பதில் சொல்வாள்: "கை வலிக்குற அளவுக்குக் குலுக்குறாரு சொட்டக்கா. சாம்பாரை வேற குலுக்குறாரு."

அறுவை அக்டோபர் இருபதாம் தேதி நடந்தது. முந்தைய நாள் சொட்டக்கா அவளை எதிரே உட்கார வைத்து விளக்கினார்.

"உன் கண்ணுக்குள்ள ஒரு சின்ன ஜன்னல் கண்ணாடி இருக்கு. அதுல புகை படிஞ்சு போச்சு. தொடைச்சா போகாது. அதனால அதை எடுத்துட்டு வேற வைப்பாங்க."

"எனக்குத் தெரியுமா, எடுக்கும்போது?"

"தெரியாது. தூங்கிடுவே. எழுந்தப்புறம் உறுத்தும். கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி ரெண்டு நாளைக்கு இருக்கும்."

"மூணு நாள் ஆனா?"

"என்கிட்ட வந்து சண்டை போடு."

உறுத்தல் ஒன்றரை நாளில் போய்விட்டது. கட்டைப் பிரித்த காலையில், அவள் என் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். நானும் கண் கலங்கத் தயாராக இருந்தேன்.

"அப்பா, உங்க காதுல முடி இருக்கு" என்றாள்.

அன்றைக்கு, அதாவது அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி, அறுவை டாக்டர் என்னிடம் கூறியது இது: "மூணு மாசம் கண்ணு அமைதியா இருந்ததாலதான் உள்ள செயற்கை லென்ஸ் வைக்கத் துணிஞ்சேன். ஜூன்ல செஞ்சிருந்தா வச்சிருக்க மாட்டேன். கண்ணே என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது." அதை அப்படியே ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினேன். "நீங்க நிஜமாவே இப்படித்தானா?" என்று சிரித்துவிட்டுக் கையொப்பமிட்டார். ஆவணம் முப்பத்தொன்று.

நவம்பர் பதினேழாம் தேதி பரிசோதனைக்குப் போனோம். சொட்டு அறையில் வேறொரு செவிலியர். நல்ல பெண்தான், சிறு வயது. "கண்ணைத் திறம்மா, வலிக்கவே வலிக்காது" என்றார். என் மகள் எழுந்து நின்றுவிட்டாள். "சொட்டக்கா எங்க?" "கீழ கோப்பு ரூமுக்கு மாத்திட்டாங்க" என்றார் அந்தப் பெண். பிறகுதான் குறிப்பாணை பற்றித் தெரியவந்தது.

கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, அவர் பழைய நோட்டத் தாள்களை ஆண்டுவாரியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க தராசு சார். உங்களுக்கு ஏத்த ரூம் இது. எங்க பாத்தாலும் காகிதம்."

"இங்க ஃபேன் இருக்கா சொட்டக்கா?" என்றாள் மகள்.

"இருக்கு. ஆனா ஓடாது. கண்ணைக் காட்டு."

வெளிச்சம் போதாத அந்த அறையில், அவள் முகத்தை நிமிர்த்தி, இமையை விலக்கிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். குறிப்பாணையை நான் கேட்டதும் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் பத்தியைப் படித்தேன். என் கடிதத்தின் தேதி அதில் இருந்தது.

"சிஸ்டர், இது நான்..."

"தெரியும். நீங்க கேள்வி கேட்டீங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. அதை அவங்க என்ன பண்ணாங்கங்கிறது வேற விஷயம்."

"நீங்க பதில் எழுதலையா?"

"மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடுத்தா திரும்ப மேல அனுப்புறோம்னு சொன்னாங்க. எழுத மாட்டேன்." கட்டிய கட்டைத் தூக்கி அலமாரியில் வைத்தார். "நான் செஞ்சது தப்புன்னு கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அந்த ரூம்ல இருக்குற பொண்ணு, பாட்டிலைப் பாத்தாலும் வாயைத் திறக்காது. பட்டியல் போயாச்சுன்னு சொட்டை விட்டு அனுப்பிடும்."

"மேல போகணும்னு இல்லையா உங்களுக்கு?"

"ஏன் இல்ல? இங்க அழ ஒரு ஆள்கூட இல்ல" என்றார். சொல்லிவிட்டு மூக்குத் துணியைச் சரிசெய்துகொண்டார். வெகுநேரம் சரிசெய்தார்.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி, என் கடிதம் புகார் அல்ல என்று எழுத்தில் தெரிவித்தேன். அலுவலக எழுத்தர் இருபத்தெட்டாம் தேதி வாய்மொழியாகச் சொன்னார்: "புகார் பதிவாயிடுச்சு சார். பதிவானதைத் திரும்ப வாங்க வழியில்ல. நீங்களே நல்லதுக்குத்தானே எழுதினீங்க, விடுங்களேன்." ஜனவரி ஐந்தாம் தேதி சொட்டு அறைக்கு நிரந்தர ஆள் நியமிக்கப்படுவதாகவும் அவரே தெரிவித்தார். அதன்பின் சொட்டக்கா திரும்ப இடம் இருக்காது.

ஆகவே இதை எழுத்தில் கோருகிறேன். ஜூன் பதின்மூன்றாம் தேதியிட்ட என் கடிதத்தின் எந்த வரி புகார் என்று கொள்ளப்பட்டது? ஐந்து மாத விசாரணையில் என்னையோ அறுவை டாக்டரையோ ஒருமுறையாவது கேட்காதது ஏன்? தாமதம் என்று குறிப்பாணை கூறும் அந்த நான்கு மாதத்தில்தான் என் மகளின் கண் காப்பாற்றப்பட்டது என்பதற்கு ஆவணம் முப்பத்தொன்று சான்று. தாமதத்துக்குப் பொறுப்பாளி ஒருவர் வேண்டுமென்றால், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நான் மறுக்க மாட்டேன். குறிப்பாணையை ரத்து செய்து, அந்தச் செவிலியரை, மன்னிப்புக் கடிதம் ஏதும் பெறாமல், அவருடைய அறைக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

எழுத்தர் மூலமாகவோ தொலைபேசியிலோ சொல்லப்படும் எதையும் பதிலாக ஏற்க மாட்டேன். டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதிக்குள், தேதியும் கையொப்பமும் இட்ட எழுத்துபூர்வமான பதிலை எனக்கு அனுப்பி, அதன் நகலைக் கீழ்த்தளத்துக் கோப்பு அறையில் இருக்கும் அவரிடமும் சேர்ப்பிக்குமாறு கோருகிறேன்.